மகாராணிக்கு ஒரு மனு

"நீங்கள்லாம் வெள்ளைக்காரனுக்கு வால் பிடிச்சவங்கதானே?"

கடந்த ஜூலை 7 அன்று, தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பிறந்தநாளுக்கு வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு எதிரே நாங்கள் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்ட கேள்வி இது. படித்தவர். துண்டறிக்கையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "லண்டனுக்குப் போய் ராஜாகிட்ட கை குலுக்கினவர்தானே இவரு" என்று சொல்லிவிட்டு ஒரகடம் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். பதில் சொல்ல வாய்ப்பில்லை. தோழர்களே, அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவர் எங்கள் பெரியப்பா.

பெரியப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். எண்பது வயதாகிறது. அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. திறந்தால் முழுக்க முழுக்க பிரிட்டிஷ் அரச குடும்பம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டு, ஆறாம் ஜார்ஜ் தபால் தலைகள், 1981-ல் சார்லஸ் டயானா திருமணத்தின்போது வெளிவந்த பத்திரிகைப் படங்கள், டயானா இறந்தபோது வெட்டி வைத்த செய்திகள். 1961 பிப்ரவரியில் எலிசபெத் ராணி சென்னைக்கு வந்தபோது, பதினேழு வயதில், வீட்டில் சொல்லாமல் ரயிலேறிப் போய்க் கூட்டத்தில் நின்று பார்த்தவர் அவர். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "கையுறை போட்ட கை ஒண்ணு ஆடுச்சிடா, அவ்ளோதான்" என்பார். அந்தப் பயணத்தின்போதுதான் கிண்டி ராஜ்பவனில் அவருடைய மகன் ஆண்ட்ரூவின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள் என்பது வரை அவருக்கு அத்துப்படி. 2022 செப்டம்பர் 8 அன்று ராணி இறந்த செய்தி வந்ததும் பெரியப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. நாங்கள் சிரித்தோம். "அடிமைப் புத்தி போகலையே பெரியப்பா" என்று எங்களில் ஒருவர் சொல்லவும் செய்தார். அவர் பதில் பேசவில்லை. பெட்டியை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறோம். ஏனென்றால் அரண்மனை மீதான இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்த மண்ணில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் காலடியில் முதலில் விழுந்தவர்கள் சேரிக்காரர்கள் அல்லர். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அதற்குச் சாட்சி உண்டு. வாலாஜாபாத் என்ற பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவால் வந்தது. அவர்தான் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணிக்கு வைரங்களைப் பரிசாக அனுப்பியவர். 'ஆற்காட்டு வைரங்கள்' என்று இன்றும் உலகம் பேசும் அந்த வைரங்கள், ராணி இறந்த பிறகு விற்கப்பட்டு, பிறகு ஒரு பிரபுக் குடும்பத்தின் தலைமுடியில் ஏறின. நவாபுக்குக் கம்பெனி அதிகாரிகளிடம் கழுத்தளவு கடன். 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் அந்தக் கடன்களைப் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றும் அளவுக்குப் பேர்போன கடன். அதற்கும் முன்பே, 1763-ல், செங்கல்பட்டுச் சீமை முழுவதையும் ஜாகீராகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. வாலாஜாபாத், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்று இந்தப் பாலாற்றங்கரை எல்லாம் கம்பெனி கைக்குப் போனது அப்படித்தான். அந்த நிலத்தில் சேற்றில் நின்றவன் யார்? நெல்லை விளைவித்தவன் யார்? ராணி கழுத்துக்குப் போன வைரத்துக்கும் பறையர் பள்ளியில் ஒருவேளைக் கஞ்சிக்குமான கணக்கை எந்த வரலாற்று ஆசிரியரும் இதுவரை போட்டுக் காட்டவில்லை.

அந்த நவாபை யாரும் வால்பிடித்தவர் என்று கேட்பதில்லை. அவர் பெயரை ஊருக்கு வைத்திருக்கிறோம். பட்டம் வாங்கிய ஜமீன்தார்களைக் கேட்பதில்லை. விக்டோரியாவின் பொன்விழா நினைவாகச் சென்னையில் மண்டபம் கட்டப் பணம் கொடுத்த கனவான்களைக் கேட்பதில்லை. கேள்வி எங்களுக்கு மட்டும்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம்.

கம்பெனியார் ஜாகீரை எடுத்துக்கொண்டபின் செய்த முக்கியமான வேலை, மிராசுதார்களின் உரிமையை ஏட்டில் ஏற்றியது. 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இதில் பெரும் பங்கு வகித்தவர். ஊர் நிலத்துக்கு மட்டுமல்ல, தரிசுக்கும், சேரி இருக்கும் மனைக்கும்கூட மிராசுதாரே சொந்தம் கொண்டாடும் நிலை சட்டபூர்வமாக உறுதிப்பட்டது. பறையர் படியாள். திருமணத்துக்குக் கடன் வாங்கித் தன்னையே அடமானம் எழுதிக் கொடுத்த படியாள். 1843-ல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது என்று சட்டம் போட்டார்கள். 1862 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் பத்திரத்தில் 'கடன்' என்று எழுதிவிட்டால் போதும், பழைய வாழ்க்கை அப்படியே ஓடியது.

இடையில் 1858 நவம்பர் 1. விக்டோரியா மகாராணியின் பிரகடனம். சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கம்பெனியிடமிருந்து ஆட்சி நேரடியாக மகுடத்துக்குப் போன நாள். அந்தப் பிரகடனத்தில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. என்ன இனம், என்ன மதம் என்று பாராமல், தகுதியுள்ள எல்லாக் குடிமக்களும் இயன்றவரை அரசுப் பணியில் சேர்க்கப்படுவார்கள் என்பது ஒன்று. குடிமக்களின் மத நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் அரசு தலையிடாது, பழைய வழக்கங்களுக்கு மதிப்பு கொடுக்கப்படும் என்பது இன்னொன்று. முதல் வாக்குறுதியை எங்கள் முன்னோர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதைச் சாதி இந்துக்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் இந்த இரண்டு வரிகளுக்கும் இடையே நடந்த இழுபறிதான். பொதுக் கிணற்றில் நாங்கள் தண்ணீர் கேட்டால் அது 'வழக்கம்'. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டால் அதுவும் 'வழக்கம்'. அதிகாரிகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் அந்த முதல் வரி எங்களுக்கு ஒரு முகவரியைக் கொடுத்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் பெரியப்பாவின் தகரப் பெட்டியைப் புரிந்துகொள்ள முடியாது. அதுவரை சேரிக்காரனின் முறையீடு எங்கே போகும்? மணியக்காரரிடம், கர்ணத்திடம், மிராசுதாரிடம். அதாவது அடித்தவனிடமே. இப்போது கடலுக்கு அப்பால் ஒருத்தி இருக்கிறாள், அவள் இந்த ஊரின் எந்தச் சாதியையும் சேர்ந்தவள் அல்ல, அவளுக்கு மனு எழுதலாம் என்ற நினைப்பே புதியது. அவள் படித்தாளா இல்லையா என்பது வேறு விஷயம்.

மனு எழுதினார்கள். எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த மனுக்களின் வரலாறுதான் தலித் அரசியலின் தொடக்க வரலாறு.

எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் 'பறையன்' என்று பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். வசையாகச் சொன்ன பெயரையே தலைப்பில் போட்ட துணிச்சல் அது. அதே ஆண்டு, இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள், பாராளுமன்றத்தின் கீழவையும் அதற்கு இசைந்து தீர்மானம் போட்டது. கேட்டவுடன் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இந்தியாவில் தேர்வு நடந்தால் அன்றைக்கு யார் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்? பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்ட சேரிப் பிள்ளைகளா? கலெக்டர் நாற்காலியிலும் அக்கிரகாரமே உட்காரும் என்று கண்டார் சீனிவாசன். 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லி மிஷன் கல்லூரியில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர். அதன் நீளம் 112 அடி என்று சொல்வார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எத்தனை, கைநாட்டு எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். எழுதக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்கள் லண்டனுக்குக் கடிதம் போட்ட கதை அது.

அந்த மனுவைத்தான் தேசத் துரோகம் என்கிறார்கள்.

பண்டிதர் அயோத்திதாசரும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளானவர். 1907 ஜூனில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ்களைப் புரட்டினால் பிரிட்டிஷ் ஆட்சி நீடிக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாக எழுதியிருப்பதைக் காணலாம். மறைக்க வேண்டியதில்லை. சுதேசி பேசுகிறவர்கள் சேரிக்குத் தண்ணீர் விடாதவரை எனக்கு எது சுதேசம் என்பதே அவர் வாதத்தின் சாரம். சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று நமக்கு ஒரு வரலாற்றையே எழுதித் தந்தவருக்கு அடிமைப் புத்தி என்றால், விடுதலைப் புத்தி யாருக்கு இருந்தது?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. 1888-ல் புனேயில் விக்டோரியாவின் மகன் கன்னாட் கோமகனுக்குக் கொடுத்த விருந்துக்கு மகாத்மா ஜோதிராவ் பூலே ஏழைக் குடியானவன் உடையில் போய் நின்றார். வைரமும் பட்டும் போட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இந்தியா அல்ல, கிராமத்துக்கு வந்து பாருங்கள், உங்கள் தாயிடம் போய்ச் சொல்லுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1922-ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது காங்கிரஸ் கடையடைப்பு நடத்தியது. தில்லியில் சுவாமி அச்சுதானந்தர் அதே இளவரசரிடம் ஆதி இந்துக்களின் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தார். ஒருவருக்குக் கறுப்புக்கொடி, இன்னொருவருக்கு மனு. இரண்டுமே அரசியல்தான்.

இப்போது அந்தக் கை குலுக்கல்.

1930 நவம்பர் 12. லண்டனில் முதல் வட்டமேசை மாநாட்டை ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிவைத்தார். தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் இருவர். அண்ணல் அம்பேத்கருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, தாத்தா சீனிவாசனுக்கு எழுபது. அரசரைச் சந்தித்தபோது நடந்ததைச் சேரிகளில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தன் கோட்டில் 'பறையன், தீண்டத்தகாதவன்' என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு போன தாத்தா, அரசர் கை நீட்டியதும் பின்வாங்கி, "என்னைத் தொட்டால் உங்களுக்குத் தீட்டு" என்றார், அரசர் இழுத்துக் கை கொடுத்தார் என்பது ஒரு விதம். தீண்டாமை என்றால் என்ன என்று அரசர் கேட்க, தெருவில் ஒரு பறையன் விழுந்து கிடந்தால் சாதிக்காரன் கை கொடுத்துத் தூக்கமாட்டான், அதுதான் என்று தாத்தா சொன்னதாக இன்னொரு விதம். பெரியப்பாவுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். "பாருடா, ஒரே வரியில புரியவெச்சாரு" என்பார். உலகத்தின் கால்பங்கை ஆண்ட ஒருவனுக்கு அதுவரை தெரியாத ஒன்றை மதுராந்தகத்துக்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்தார் என்பதே அவருக்குச் சந்தோஷம். அரசனைப் பார்த்ததில் அல்ல.

கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டு காந்தி அரை வேட்டியோடு பக்கிங்காம் அரண்மனைக்குப் போனதைப் புத்தகங்கள் எல்லாம் கொண்டாடும். தாத்தாவின் கோட்டையும் தலைப்பாகையையும், அண்ணலின் சூட்டையும் ஆடம்பரம் என்று கேலி செய்யும். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டினால் அடி விழுந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அரை வேட்டி எங்களுக்குத் தியாகம் அல்ல, அது எங்கள்மேல் திணித்த சீருடை.

ஆனால் இதே மாநாட்டில் அண்ணல் பேசியதை நாங்களும் பெரியப்பாவும் சேர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. அவர் ஆங்கிலேயர் முன்னிலையிலேயே கணக்குக் கேட்டார். நீங்கள் வருவதற்கு முன்பு கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை, இப்போது முடிகிறதா? கோயிலுக்குள் போக முடியவில்லை, இப்போது முடிகிறதா? காவல்துறையில் சேர முடியவில்லை, இப்போது முடிகிறதா? பட்டாளத்தில் இடம் இருந்தது, அதையும் எடுத்துவிட்டீர்களே என்ற ஆதங்கம் அதற்குள் உண்டு. சென்னை ராஜதானியின் சாப்பர்ஸ் படைப்பிரிவில் நம் ஆட்கள் ஏராளம் இருந்தார்கள். அந்தப் படைக்கே விக்டோரியா மகாராணியின் பெயர். வாலாஜாபாத்தும் ஒருகாலத்தில் பட்டாளம் தங்கிய ஊர்தான். பிறகு 'வீர இனங்கள்' என்றொரு தத்துவத்தைக் கண்டுபிடித்து மகர்களுக்கும் மற்றவர்களுக்கும் கதவைச் சாத்தினார்கள். ராணியின் பெயர் படையில் நின்றது, ராணிக்காகச் செத்தவனின் பேரனுக்கு வேலையில்லை. எனவே மகுடம் நம்மைக் காப்பாற்றியது என்று சொல்ல எங்களால் முடியாது. பெரியப்பா கோபித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மகுடத்தின் பெயரால் நமக்கு நிலைத்தது என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால், அது நிலம். அதுவும் தானாகக் கிடைத்ததல்ல.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டப் பறையர்களைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். லயனல் பிளேஸ் உட்கார்ந்த அதே நாற்காலியில் நூறு ஆண்டு கழித்து உட்கார்ந்தவர், பிளேஸ் காலத்து ஏற்பாடு என்ன செய்திருக்கிறது என்று பார்த்தார். தரிசு நிலத்துக்குப் பறையர் தர்க்காஸ்து போட்டால் மிராசுதார் முன்னுரிமை கேட்டுத் தடுக்கிறார். குடியிருக்கும் மனையிலிருந்தே விரட்டுகிறார். படியாள் பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் இதே மாவட்டத்தில் சேரி சேரியாகப் போய் எழுதிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் இருக்கிறதே, அது ஆண்ட்ரூ உருவாக்கிய குடியிருப்பு. விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன்பிறகும் தாழ்த்தப்பட்டோரைத் தவிர வேறு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை ராஜதானியில் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்லும்.

அந்த 12 லட்சம் இப்போது எங்கே? 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போன நம் மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள். ஆண்டது வெள்ளைக்காரன் இல்லை. சுட்டதும் வெள்ளைக்காரன் இல்லை.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1997 அக்டோபரில், எலிசபெத் ராணி மறுபடி தமிழ்நாடு வந்தார். சென்னையில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவில் கலைஞரோடு மேடையில் உட்கார்ந்தார். (மருதநாயகத்தை 1764-ல் தூக்கில் போட்டவர் எங்கள் ஊர்ப் பெயருக்குச் சொந்தக்காரரான நவாப்தான், கூட நின்றது ராணியின் நாட்டுக் கம்பெனி. அந்த விழா மேடையில் இதை யாராவது அவர் காதில் போட்டார்களா தெரியாது.) காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் போனார். வாலாஜாபாத்திலிருந்து எத்தனை தூரம்? ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பெரியப்பா போகவில்லை. 1961-ல் ரயிலேறிப் போனவர், பக்கத்து ஊருக்குப் போகவில்லை. ஏன் என்று இப்போதுதான் கேட்டோம்.

"என் அப்பா அந்தக் கோயில் கோபுரத்தைத் தெருவில நின்னுதான் பார்த்தாருடா. சட்டம் வந்த பின்னாடியும் அவருக்கு உள்ள போக மனசு வரல. வேற மதம், வேற தேசம், அந்தம்மாவுக்கு வாசல்ல மரியாதை பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு அந்தம்மா மேல கோவம் இல்ல. பார்க்கத்தான் பிடிக்கல."

1939-லும் 1947-லும் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்தன. அவருடைய அப்பா அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

ஒரகடம் சாலையில் இன்று ராயல் என்ற சொல் புல்லட் வண்டியின் தொட்டியில் மட்டும் ஓடுகிறது. லண்டன் பக்கத்து என்ஃபீல்டில் இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்த பெயர் அது. இப்போது அந்த வண்டி செய்யப்படுவது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும். நம் பிள்ளைகள் ஷிப்டு பேருந்தில் ஏறி இந்தச் சாலையின் ஏதேதோ ஆலைகளுக்குப் போகிறார்கள், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிகளாக. பாலாற்றங்கரையில் நிலத்தின் விலை சென்டுக் கணக்கில் ஏறுகிறது. விலை ஏற ஏறப் பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்று எழுதியிருக்கும் நிலங்கள் யார் யார் பெயரிலோ மாறியிருப்பது தெரியவருகிறது. பெரியப்பாவின் தாத்தாவுக்குக் கிடைத்த ஒன்றே கால் ஏக்கரும் அப்படித்தான் போயிருக்கிறது. எந்த ஆண்டு, எந்தக் கையெழுத்தில் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் தகரப் பெட்டியை மறுபடி திறந்து காட்டினார். ராணி படங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பழுப்புக் காகிதம், நான்காக மடித்தது. அவருடைய தாத்தா பெயரில் வந்த ஒப்படைப் பட்டாவின் நகல். மேலே அரச முத்திரை. சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும். அத்தனை வருடமும் அந்த முத்திரைக்குத் துணையாகத்தான் மற்ற படங்களைச் சேர்த்தாரோ என்னவோ. நாங்கள் கேட்டதற்கு, "இதைத் தொலைக்காம வெக்கணும்னா மேல ஏதாச்சும் பெருசா வெக்கணும்ல. ராணி படத்தை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க" என்றார்.

அதில் சர்வே எண் தெளிவாக இருக்கிறது. 'அ' பதிவேட்டு நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். வரும் திங்கள்கிழமை காஞ்சிபுரம் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறோம். பெரியப்பாவும் வருகிறார். கோட்டுப் போட்டுக்கொண்டு வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.